உடம்புக்குள் 70 ஆம்பியர்!

அலிபிரிப் படி, மதனப்பள்ளித் தக்காளி, சுகர் ஸ்ட்ரிப்... எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒரு குட்டித் தாவல்

பொழுது விடியுமுன்பே அலிபிரியில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. முதல் படியில் தேங்காய் உடைகிறது, கற்பூரம் எரிகிறது. ‘கோவிந்தா’ என்று ஒரு குரல் எழும்ப, பின்னால் நூறு குரல்கள் சேர்ந்துகொள்கின்றன. வேலூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் வந்த குடும்பங்கள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசிக்கொண்டே ஏறுகின்றன. ஈரப் புடவையோடு ஒரு பெண் குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு போகிறார். காலி கோபுரம் நெருங்க நெருங்கப் பேச்சு குறைகிறது. ‘முழங்கால் முறிச்சான்’ என்று நம்மவர்கள் பெயர் வைத்திருக்கும் செங்குத்தான ஏற்றத்துக்கு வந்து சேரும்போது கோவிந்த நாமம்கூட மனசுக்குள் போய்விடுகிறது. இடுப்பில் கைவைத்து நிற்கிறவர்கள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தவர்கள், படியிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள் எல்லாரிடமும் கேட்பது ஒரே சத்தம்: இரைக்கிற மூச்சு.

மொத்தம் 3,550 படிகள். அத்தனை மூச்சும் எதற்கு?

ஆக்சிஜனுக்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். அந்த ஆக்சிஜனை வைத்து உடம்பு என்ன செய்கிறது என்று கேட்டால்தான் பெரியவர்களே தடுமாறுவார்கள். காலையில் தின்ற இட்லியிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள், செல்லுக்குள் வரிசையாக நிற்கும் புரதங்களின் வழியே கைமாறிக் கைமாறி வருகின்றன. வரிசையின் கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்ள ஒருவர் நிற்க வேண்டும். அவர்தான் ஆக்சிஜன். அவர் வரத் தாமதமானால் பின்னால் உள்ள வரிசை முழுவதும் நின்றுபோகும். மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை சேதமடைவது இதனால்தான்.

புரதத்துக்குள் எலக்ட்ரான் ஓடுவது ஆய்வகத்தோடு நின்றுவிடும் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய சித்தூர் மாவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினாலே போதும். தக்காளிக்கு அடிக்கும் மருந்து, மல்லாட்டை (நிலக்கடலை) வேரில் தொங்கும் முண்டு, விரலில் குத்தி ரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப், காசநோய்க்குப் புதிதாக வந்திருக்கும் மாத்திரை என்று நாம் அன்றாடம் கையாளும் பல பொருள்கள் இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடுகின்றன, அடைக்கின்றன, அல்லது அளக்கின்றன. கையாளுகிற நமக்குத்தான் யாரும் அதைச் சொல்லவில்லை.

பெட்டி 1: எண்களில் ஒரு மூச்சு

● சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறார்.

● ஒவ்வோர் ஆக்சிஜன் மூலக்கூறும் 4 எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. கணக்குப் போட்டால் உடம்பின் எல்லா செல்களிலும் சேர்த்து ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 65 முதல் 70 ஆம்பியர்.

● இதை ஓட்டும் மின்னழுத்தம் சுமார் 1.1 வோல்ட்தான். அதனால்தான் நமக்கு ஷாக் அடிப்பதில்லை. திறன் சுமார் 75 வாட்.

● மலையேறும்போது ஆக்சிஜன் தேவை ஆறேழு மடங்காகும். மின்னோட்டமும் 400 ஆம்பியரைத் தாண்டும்.

● இந்த ஓட்டத்தால் உருவாகும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை, ஒரு நாளில் நம் எடைக்கு ஈடான அளவு செய்து செய்து செலவழிக்கிறோம்.

கல் விட்டுக் கல்

செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடுவது புரிகிறது. புரதம் உலோகம் இல்லையே? தயிரிலும் பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற அதே வகைப் பொருள். அதற்குள் எலக்ட்ரான் எப்படிப் போகும்?

ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும்போது அங்கங்கே தலைதூக்கி நிற்கும் கற்களில் கால்வைத்து அக்கரை சேர்கிறோமே, ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. புரதத்துக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில ‘கற்கள்’ பதிந்திருக்கின்றன. சிலவற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்து இருக்கும். சிலவற்றில் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் இருக்கும், சிலவற்றில் தாமிரம். எலக்ட்ரான் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. இடையில் உள்ள புரதத்தை அது ஏறிக் கடப்பதில்லை; தடைக்குள்ளேயே ஊடுருவி மறுபக்கம் போய்ச் சேர்கிறது. இயற்பியலார் இதை டனலிங் என்பார்கள். அணுவைவிடச் சிறிய பொருள்களுக்குக் குவாண்டம் விதிகள் தரும் சலுகை இது.

இதை முதலில் நிரூபித்தது 1966-இல் அமெரிக்காவில் டான் டெவால்ட், பிரிட்டன் சான்ஸ் என்ற இருவர் செய்த சோதனை. ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியாவின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, எலக்ட்ரான் கைமாறும் வேகத்தை அளந்தார்கள். பிறகு அதைக் குளிர வைத்துக்கொண்டே போனார்கள். குளிரக் குளிர வேதிவினை மந்தமாக வேண்டும். ஓர் அளவு வரை அப்படித்தான் ஆனது. அதன் பிறகு மைனஸ் 238 டிகிரி வரை இறக்கியும் வேகம் குறையவில்லை. சூட்டின் தயவில்லாமல் தாவ முடிகிறதென்றால் அது டனலிங்தான்.

எவ்வளவு தூரம் தாவ முடியும்? அடுத்த முப்பது ஆண்டுகள் விஞ்ஞானிகள் துரத்தியது இந்தக் கேள்வியைத்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லெஸ் டட்டன் குழு 1999-இல் ‘நேச்சர்’ இதழில் விடை சொன்னது. அப்போது அமைப்பு தெரிந்திருந்த புரதங்களை அளந்து பார்த்தால், அடுத்தடுத்த கற்களுக்கு இடைவெளி 14 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கிறது. மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர் என்றால், இது 1.4 நானோமீட்டர். இடைவெளி 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடினால் வேகம் பத்தில் ஒரு பங்காகிறது. இன்னும் 1.7 கூடினால் நூறில் ஒரு பங்கு. ஓர் அணுவின் அகலம்கூட இல்லாத நகர்வில் ஓட்டம் படுத்துவிடும் என்று அர்த்தம்.

மருந்து, நஞ்சு, கருவி எல்லாம் கைவைப்பது இந்த 14 ஆங்ஸ்ட்ராமில்தான்.

இரும்பு இல்லையென்றால் கல் இல்லை

படியேறும்போது சிலருக்கு மட்டும் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. எடை, வயது, பழக்கமின்மை என்று பல காரணங்கள் இருக்கலாம். இதயநோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானம் அறிவுறுத்துவதிலும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஆந்திராவில் 58.8 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை.

இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும், ஆக்சிஜன் போய்ச் சேராது. இது எல்லாருக்கும் தெரிந்த பாதிக் கதை. மீதிக் கதை, ஆக்சிஜன் போய்ச் சேர்ந்த இடத்தில் நடக்கிறது. செல்லுக்குள் ஆற்றல் செய்யும் மைட்டோகாண்ட்ரியாவில், எலக்ட்ரான் வரிசையின் முதல் பெரிய புரதத்தில் மட்டுமே எட்டு இரும்பு–கந்தகக் கொத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஏழு, சங்கிலி போல வரிசையாக நின்று எலக்ட்ரானைக் கடத்துகின்றன. அடுத்துவரும் புரதங்களுக்கும் இரும்பு வேண்டும். ஹீமோகுளோபின் அளவு சரியாக இருந்தும் உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களுக்கு அசதி வருவதையும், இரும்புச்சத்து கொடுத்ததும் அசதி குறைவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘ரிப்போர்ட் நார்மல்னு வந்திருக்கே, அப்புறம் ஏன் இந்த அலுப்பு?’ என்று கேட்கிற பெண்ணுக்கு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்து பார்க்கச் சொல்வது நியாயமான பதில்.

வரிசையில் ஒரே ஒரு எழுத்துப் பிழை என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி மரபுப்பொருள் இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். அதில் 11778-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறினால், இருபதுகளில் இருக்கும் இளைஞனுக்கு ஒரு கண்ணும், சில வாரங்களில் அல்லது மாதங்களில் மறு கண்ணும் மங்கிப்போகலாம். லெபர் பார்வை நரம்பு நோய் என்ற இதற்கான காரணத்தை 1988-இல் டக்ளஸ் வாலஸ் குழு கண்டுபிடித்தது. இந்த மாற்றம் உள்ள எல்லாருக்கும் பார்வை போவதில்லை. புகைபிடிப்பது ஆபத்தைக் கூட்டுகிறது என்பது தெரியும். அம்மா வழியில் மாமாவுக்கு இளம் வயதில் இப்படிப் பார்வை போயிருந்தால், மருமகன் சிகரெட்டைத் தொடாமலிருக்க அதுவே போதுமான காரணம்.

விரல்நுனியில் ஒரு மின்சுற்று

எலக்ட்ரான் புரதத்தைக் கடப்பதை நம் கண்ணெதிரே எண்ணாக மாற்றிக் காட்டும் பொருள் ஒன்று பல வீடுகளில் இருக்கிறது: சுகர் பார்க்கும் மெஷின். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்.

ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி உலர்ந்து ஒட்டியிருக்கிறது. பல ஸ்ட்ரிப்களில் அது பூஞ்சையிலிருந்து எடுத்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ரத்தத்தில் உள்ள ஒவ்வொரு குளுக்கோஸிலிருந்தும் அது இரண்டு எலக்ட்ரான்களைப் பறிக்கும். அந்த எலக்ட்ரான்களை எண்ணினால் சர்க்கரை அளவு கிடைத்துவிடும். ஆனால் ஒரு சிக்கல். பறிக்கும் இடம் புரதத்தின் வயிற்றுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது. வெளியே இருக்கும் மின்முனைக்கு எலக்ட்ரான் ஒரே தாவலில் வர முடியாது, தூரம் அதிகம்.

1984-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு விஞ்ஞானிகள் வழி கண்டார்கள். ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைத் தூது விட்டார்கள். அது நொதிக்குள் போய் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு மின்முனையில் வந்து கொடுத்துவிடும். 1987-இல் பேனா வடிவத்தில் எக்ஸாக்டெக் என்ற கருவி கடைக்கு வந்தது. ஆய்வகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டிய பரிசோதனை, வீட்டு மேசைக்கு வந்த கதை இது.

தூது விடுவதில் ஆபத்தும் உண்டு. எலக்ட்ரான் வழியில் வேறு யாராவது குறுக்கிட்டால் எண் தப்பாகும். சர்க்கரை நோயாளிக்குத் தப்பான எண் என்பது தப்பான இன்சுலின் அளவு. பிக்யூக்யூ வகை நொதி கொண்ட ஸ்ட்ரிப்கள் குளுக்கோஸையும் மால்டோஸையும் பிரித்தறியாது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் இருந்த மால்டோஸைச் சர்க்கரையாகக் காட்டி, தேவையில்லாத இன்சுலினுக்கு வழிவகுத்தன. 13 மரணங்களை இதனோடு தொடர்புபடுத்தி 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

பெட்டி 2: ஸ்ட்ரிப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

● ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஸ்ட்ரிப் குறைத்துக் காட்டலாம். நொதி, எலக்ட்ரானைத் தூதுவனுக்குக் கொடுக்காமல் ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடும்.

● ரத்தசோகை இருந்தால் பல கருவிகள் கூட்டிக் காட்டும்.

● அதிக அளவில் வைட்டமின் சி எடுத்துக்கொண்டால் அதுவே மின்முனையில் எலக்ட்ரானைக் கொட்டும். சில கருவிகளில் எண் எகிறும்.

● டப்பா மூடியைத் திறந்தே வைத்தால் ஈரம் பட்டு நொதி கெடும். ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம்.

● டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தங்கள் ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி எது என்று மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

மதனப்பள்ளியில் தோற்கும் மருந்து

மதனப்பள்ளி மண்டியில் தக்காளிப் பெட்டிகள் மலைபோல் அடுக்கியிருக்கும். இங்கிருந்து கிளம்பும் லாரிகள் சென்னைக் கோயம்பேட்டின் விலையைத் தீர்மானிப்பதுண்டு. 2023-இல் தக்காளி விலை ஏறியபோது நாட்டின் கண்ணெல்லாம் இந்த மண்டியின் மீதுதான் இருந்தது. விலை ஏறினால் விவசாயி ஒரு செடியையும் இழக்க விரும்பமாட்டார். இலையில் கரும்புள்ளி தெரிந்தால் உடனே தெளிப்பான் முதுகில் ஏறிவிடும்.

பூஞ்சைக்கு அடிக்கும் மருந்துகளில் அசாக்ஸிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின், ட்ரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின் என்று ‘ஸ்ட்ரோபின்’ வாலோடு முடிகிற ஒரு குடும்பம் இருக்கிறது. தக்காளிக்கும் மாமரத்துக்கும் மிளகாய்க்கும் இவை போகின்றன. இந்தக் குடும்பத்தின் மூதாதை ஒரு காளான். பைன் மரக் காய்களில் முளைக்கும் அந்தக் காளான், போட்டிக்கு வரும் மற்றப் பூஞ்சைகளை விரட்டச் சுரக்கும் பொருளை 1977-இல் ஜெர்மானியர்கள் பிரித்தெடுத்தார்கள். 1996-இல் அதைப் பின்பற்றிச் செய்த மருந்துகள் சந்தைக்கு வந்தன.

அது செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். பூஞ்சையின் எலக்ட்ரான் வரிசையில் மூன்றாவது பெரிய புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. எலக்ட்ரான் சுமந்து வரும் மூலக்கூறு அங்கே உட்கார்ந்துதான் சுமையை இறக்க வேண்டும். மருந்து அந்த இருக்கையில் முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிறது. வரிசை நிற்கிறது, பூஞ்சை மூச்சுத் திணறிச் சாகிறது.

ஒரே இடத்தில் ஒரே அடி. பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். அந்தப் புரதத்தின் 143-ஆவது அமினோ அமிலம் கிளைசினாக இருக்கும் வரை மருந்து உட்காரும். அது அலனினாக மாறிவிட்டால் இருக்கை இடிக்கும். மருந்து வெளியே தள்ளப்படும். பூஞ்சையோ எப்போதும்போல மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். 1996-இல் மருந்து வந்தது. 1998-இலேயே வட ஜெர்மனியின் கோதுமை வயல்களில் சாம்பல்நோய்ப் பூஞ்சை அதை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது. தக்காளி இலைக்கருகலை உண்டாக்கும் பூஞ்சையில் 129-ஆவது இடத்தில் வரும் மாற்றம் மருந்தின் வீரியத்தைக் குறைக்கிறது.

‘முதல்ல நல்லாக் கேட்டுச்சு, இப்ப எவ்வளவு அடிச்சாலும் நிக்க மாட்டேங்குது’ என்ற புலம்பலைக் கேட்காத உரக்கடை இல்லை. கடைக்காரர் வேறு கம்பெனி டப்பாவை எடுத்துக் கொடுப்பார். பெயர் வேறு, விலை வேறு, பள்ளம் அதேதான். அசாக்ஸிஸ்ட்ரோபின் தோற்ற வயலில் பைராக்ளோஸ்ட்ரோபினும் தோற்கும். உலகளவில் இந்த முழுக் குடும்பத்துக்கும் 11 என்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். 11 அடித்தால் அடுத்த முறை வேறு எண் அடிக்க வேண்டும். விவசாயிக்குத் தேவைப்படும் குவாண்டம் இயற்பியல் இவ்வளவுதான்.

களைக்கொல்லியிலும் இதே கதை. கரும்புக்கும் சோளத்துக்கும் அடிக்கும் அட்ரசின், இலைக்குள் ஒளிச்சேர்க்கைப் புரதத்தில் எலக்ட்ரான் இறங்கும் படியை அடைத்துக்கொள்கிறது. அதன் இனத்து மருந்துகளுக்கு மசியாத களையை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1968-இலேயே பார்த்தார்கள். அங்கும் பல களைகள் தப்பித்த வழி ஒன்றே: 264-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது.

எடுக்கத் தெரிந்த நஞ்சு

அடைக்கிற மருந்துகள் ஒரு ரகம். திருடுகிற மருந்து இன்னொரு ரகம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி, இலையின் எலக்ட்ரான் வரிசையிலிருந்து ஒன்றைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கும். உடனே அடுத்ததைப் பறிக்கப் போகும். இப்படிப் பிறக்கும் வெறிபிடித்த ஆக்சிஜன் இலையைச் சில மணி நேரத்தில் கருக்கிவிடும். மனித நுரையீரலுக்குள் போனாலும் அதே சுற்று நடக்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சு முட்டுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுப்பதே நெருப்புக்கு நெய் வார்ப்பதாகிவிடும் என்பதால் மருத்துவர்களும் கையைப் பிசைகிறார்கள்.

இதை உணர்ந்து முடிவெடுத்த பக்கத்து நாடு இலங்கை. 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பாராகுவாட்டையும் வேறு இரண்டு பூச்சிமருந்துகளையும் அங்கே விலக்கினார்கள். பூச்சிமருந்தால் நேரும் சாவுகள் குறைந்தன, விளைச்சல் விழவில்லை. கேரளமும் 2011-இல் இதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே, 2007-இல் நிறுத்திவிட்டது.

தானிய மூட்டைக்குள் வைக்கும் மாத்திரையிலிருந்து எழும் ஃபாஸ்பீன் வாயு, எலக்ட்ரான் வரிசையின் கடைசிப் புரதத்தைத் தாக்குகிறது. சயனைடு தாக்குவதும் அதே இடத்தைத்தான். மூட்டை அடுக்கிய அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு குழந்தைகளோடு யாரும் படுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

மல்லாட்டை வேரில் ஓர் உரத் தொழிற்சாலை

சித்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கு மல்லாட்டை பழைய உறவு. திருப்பதியில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நாராயணி, தரணி என்று ரகம் ரகமாக வெளியிட்டது. ஆனாலும் மானாவாரி நிலத்தில் மழை பொய்க்க, ஆள் கூலி ஏற, பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. பலர் மாந்தோப்புக்கு மாறிவிட்டார்கள்.

ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகளவு முண்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் தாவர உறவு அது. சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முண்டு வெறும் வாடகைக்கு இருக்கிறது.

உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா, காற்றில் உள்ள நைட்ரஜனை அமோனியாவாக மாற்றுகிறது. யூரியா தொழிற்சாலை இதைச் செய்ய 400 டிகிரிக்கு மேல் சூடும், வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். முண்டு அதை மண்ணின் சூட்டிலேயே முடிக்கிறது. நைட்ரோஜினேஸ் என்ற நொதியில் இரண்டு புரதங்கள் இணைந்து பிரிந்து இணைந்து, ஒவ்வோர் எலக்ட்ரானாகக் கைமாற்றுகின்றன. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு எட்டு எலக்ட்ரான்கள், பதினாறு ஏடிபி செலவு. உள்ளே எலக்ட்ரான் செய்யும் கடைசித் தாவலின் தூரம்? ஏறக்குறைய அதே 14 ஆங்ஸ்ட்ராம். தாவி இறங்கும் இடத்தில் இரும்பு, கந்தகம், மாலிப்டினம் மூன்றும் சேர்ந்த கொத்து.

இதிலிருந்து வயலுக்கு வரும் பாடம் நேரடியானது. அடியுரமாக யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முண்டு வைக்காது. இலவசமாகக் கிடைப்பதை ஏன் உழைத்துச் சேர்க்க வேண்டும்? விதைக்கு ரைசோபியம் கலப்பது பலன் தரலாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளம் இலை மஞ்சளடித்தால் அது இரும்புக் குறை. இலையில் ஃபெரஸ் சல்பேட் தெளிக்க வேண்டியிருக்கும். காய் திரளப் போடும் ஜிப்சத்தில் சுண்ணாம்புச்சத்தோடு கந்தகமும் வருகிறது. அமில மண்ணில் மாலிப்டினம் கிடைப்பது குறையும். வேர் முண்டைப் பட்டினி போட்டுவிட்டு மேலே யூரியா போடுவது, இரண்டு பக்கமும் செலவு.

ஆரோக்கியவரத்திலிருந்து ஆறு மாத மருந்து வரை

மதனப்பள்ளிக்கு இன்னொரு பெருமை உண்டு. ஊருக்கு வெளியே ஆரோக்கியவரத்தில் 1915-இல் காசநோய் சானடோரியம் திறந்தது. டென்மார்க் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமொட்–மொல்லர் கட்டி வளர்த்த மருத்துவமனை அது. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் காற்றும் ஓய்வும் உணவும்தான் வைத்தியம். இந்தியாவில் பிசிஜி தடுப்பூசி முதன்முதலாக 1948-இல் போடப்பட்டதும் மதனப்பள்ளியில்தான்.

காசநோய்க் கிருமியும் மூச்சு விட்டே வாழ்கிறது. எலக்ட்ரான்களைக் கைமாற்றும்போது புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி உள்ளே வரும் விசையில் ஒரு குட்டி டர்பைன் சுற்றி ஏடிபி செய்கிறது. இந்த இணைப்பைச் சொன்னதற்காகத்தான் பீட்டர் மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாக்விலின், அந்த டர்பைனின் பற்களில் சிக்கிக்கொண்டு சுற்றவிடாமல் செய்கிறது. வளராமல் தூங்கிக் கிடக்கும் கிருமிக்கும் ஏடிபி தேவை என்பதால் அதையும் கொல்கிறது. மற்ற மருந்துகள் திணறுவது அந்தத் தூங்கும் கிருமியிடம்தான்.

விளைவு நோயாளிக்குத் தெரியும். மருந்துக்கு மசியாத காசநோய்க்கு முன்பு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை சிகிச்சை. கூடவே மாதக்கணக்கில் ஊசி. சிலருக்குக் காது கேட்காமலே போனது. பெடாக்விலினோடு வேறு மூன்று மருந்துகள் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. இந்தியா 2024 செப்டம்பரில் ஏற்றது. எல்லாம் வாய்வழி மாத்திரைகள். ஆனால் பூஞ்சை கற்ற பாடத்தைக் கிருமியும் கற்கும். மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது அதற்கு டியூஷன் எடுப்பது போலத்தான்.

பெட்டி 3: கண்டவர்கள்

● 1925: கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின், செல்களில் எலக்ட்ரான் கடத்தும் ‘சைட்டோகுரோம்’ புரதங்களை அடையாளம் கண்டார்.

● 1929: பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லபிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு ஏடிபியைக் கண்டார். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டு தனியாகக் கண்டார்.

● 1982: கலிஃபோர்னியாவில் ஹாரி கிரே குழு, புரதத்தின் மேல் ருத்தீனியம் ஒட்டி, குறிப்பிட்ட தூரத்துக்கு எலக்ட்ரான் தாவும் வேகத்தை அளந்தது.

● 1992: எலக்ட்ரான் கைமாறும் வேகத்துக்குக் கணக்குச் சொன்ன ருடால்ஃப் மார்கஸுக்கு வேதியியல் நோபல்.

● 2019: மும்பை ஐஐடியில் படித்து யேல் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் நிகில் மால்வங்கர் குழு, சேற்று பாக்டீரியா ஒன்று உடலுக்கு வெளியே நீட்டும் ‘நானோ கம்பி’யின் அமைப்பை வெளியிட்டது. வரிசையாக அடுக்கிய ஹீம்களால் ஆன புரதக் கம்பி அது.

கேள்வி கேட்கும் உரிமை

மால்வங்கர் பார்த்த கம்பிகள் பெரிய கனவுகளைக் கிளப்பியிருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாத சேற்றில், பாக்டீரியா தன் எலக்ட்ரான்களை வெளியே உள்ள இரும்புத் தாதுவில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்த இடத்தில் மின்முனையை வைத்தால் சாக்கடை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். 1911-லேயே இங்கிலாந்தில் பாட்டர் இதைச் சிறு அளவில் செய்து காட்டினார். கிடைக்கும் மின்சாரம் இன்னும் சொற்பம்தான். மின்கட்டணம் குறையும் என்று இப்போதே யாரும் நம்பிவிட வேண்டாம். ஸ்ட்ரிப்பைப் போன்ற உணர்கருவிகளில்தான் இந்தக் கம்பிகள் முதலில் பயன்படக்கூடும்.

கனவு வரும்போது வரட்டும். கையில் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்துவதுதான் இன்றைய வேலை. திருப்பதிக்கு அருகே ஏர்ப்பேட்டில் இருக்கும் ஐசர், ஐஐடி இரண்டும் 2015-இல் தொடங்கியவை. நகரத்துக்குள் 1954 முதல் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. பெரிய மருத்துவமனையும் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஒரே வட்டாரத்தில் இயற்பியலும் மருத்துவமும் மண்ணும் இப்படிக் கூடியிருக்கும் ஊர்கள் குறைவு. இங்கே தெரிந்த செய்தி, உரக்கடைக் கவுண்டருக்கும் மருந்துக் கடைக்கும் போய்ச் சேரவில்லை என்றால் குறை தூரத்தில் இல்லை.

பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறம், அது எவ்வளவு கொடிய நஞ்சு என்று சொல்லும். எந்த இடத்தில் அடைக்கும் என்று அந்த நிறம் சொல்லாது. ஆஸ்திரேலியாவில், முன்பு சொன்ன 11 போன்ற குழு எண்ணை டப்பாவின் முகத்தில் பெரிதாக அச்சிடுகிறார்கள். நம் டப்பாவிலும் அது எழுதப் படிக்கத் தெரிந்த எவர் கண்ணிலும் படும்படி தெலுங்கிலும் தமிழிலும் இருக்க வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவிலும் நொதியின் பெயரும், யார் பயன்படுத்தக் கூடாது என்பதும் நம் மொழியில் வேண்டும். அரசு உத்தரவு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கடையில் அடுத்த டப்பாவை வாங்கும்போது ‘இது புது மருந்தா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘போன தடவை அடித்ததும் இதுவும் ஒரே இடத்தில்தான் அடைக்குமா?’ என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால், டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வேளாண் அலுவலரிடம் கேட்டு வரலாம். அந்த ஒரு கேள்விக்கு ஒரு தெளிப்புச் செலவு மிச்சம்.